அறுபத்தொரு நாள் கொற்கை



சென்ற மாதம் புன்னக்காயலிலிருந்து கனமான ஓர் உறை வந்தது. அந்த ஊரில் சிலர் மாதம் ஒருமுறை கூடி, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசிவருகிறார்கள். பேச்சோடு நின்றுவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவி ஒருவர், தூத்துக்குடியில் விசைப்படகு வேலைக்குப் போகும் இளைஞர், பேரன் பேத்தி எடுத்த பெரியவர் என்று எல்லா வயதிலும் ஆள் இருக்கிறது. படிக்க உட்கார்ந்தவன் கடைசித் தாள் வரை எழுந்திருக்கவில்லை. அவ்வளவு உயிர் அந்த எழுத்தில்.

தலைப்புகளைப் பார்த்தால்தான் மனம் சோர்ந்தது. ‘கடல்புரத்தில் – ஒரு பார்வை’, ‘ஆழி சூழ் உலகு – என் பார்வையில்’, ‘கொற்கை நாவல் – வாசிப்பு அனுபவம்’, ‘நான் படித்த நல்ல நூல்’. இப்படியே போனது. உள்ளே கடல் இரைந்துகொண்டிருக்க, வாசலில் அலுவலகக் கோப்பின் பெயர் ஒட்டியிருந்தது. அந்த இளைஞரிடம் தொலைபேசியில் கேட்டேன். “எழுதிட்டேன் அண்ணாச்சி, தலைப்பு வைக்கத்தான் வரல. நீங்களே பாத்து நல்லதா ஒண்ணு போட்டிருங்க” என்றார்.

போடலாம். கட்டுரைக்குத் தலைப்பு மாற்றுவது ஆசிரியர் குழுவின் அன்றாட வேலைதான். ஆனால் படித்த புத்தகத்தைப் பற்றி ஒருவர் எழுதும்போது அதில் அவருடைய வாழ்க்கையும் கலந்துவிடுகிறது. அதற்கு நான் தலைப்பு வைத்தால், பெற்றவள் இருக்க ஊரார் கூடிப் பிள்ளைக்குப் பெயர் வைத்த கதையாகிவிடும். அதனால் கட்டுரைகளை அவர்களிடமே திருப்பி அனுப்பினேன். தலைப்பு உங்கள் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது, இன்னொரு முறை படித்துப் பாருங்கள் என்று மட்டும் ஒரு கடிதம் வைத்தேன். அந்தக் கடிதத்தில் சொல்ல இடமில்லாமல் போனதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

‘ஒரு பார்வை’ என்பதில் என்ன குறை? குறை ஒன்றே ஒன்றுதான். அது எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். கம்பராமாயணத்துக்கும் வைக்கலாம், கணக்குப் புத்தகத்துக்கும் வைக்கலாம். எழுதியவர் யார், படித்தது எப்போது, எந்த இடத்தில் மனம் நின்றது என்று எதையும் அது சொல்வதில்லை. நம் கருத்தரங்க மலர்களும் ஆய்வேடுகளும் இந்தத் தலைப்பை அளவில்லாமல் பயன்படுத்தி, எழுத வருகிற புதியவர்களுக்கு இதுதான் முறை போலும் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டன. தலைப்பு வைத்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே தலைப்பை வேறொரு புத்தகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அங்கேயும் உட்கார்ந்துகொள்கிறதென்றால் அது உங்கள் தலைப்பில்லை.

இதைப் புன்னக்காயல்காரர்களுக்குச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. தமிழ்ப் புத்தகம் அச்சில் பிறந்த கதையைச் சொல்ல வருகிறவர் எவரும், தாமிரபரணி கடலோடு கலக்கும் இந்த ஊரைத் தொடாமல் போக முடியாது. போர்ச்சுகலில் விலா விசோசா என்ற ஊரில் 1520இல் பிறந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். நம் மக்களுக்கு அவர் அண்டிரிக் அடிகளார். 1540களின் பிற்பாதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், தமிழைப் பேசக் கற்று, எழுதக் கற்று, பிறகு வருகிறவர்களுக்காக அதற்கு இலக்கணமும் எழுதிவைத்தார். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் 16 பக்கச் சிறு நூலாக அச்சேறியது. இந்திய மொழி எழுத்தில் இந்த மண்ணில் அச்சாகி, இன்று நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் மூத்தது அதுதான். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல், புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய நூலான ‘ஃபுளோஸ் சாங்க்தோரும்’ வந்தது. அது அச்சானது புன்னக்காயலில்தான் என்று நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. ஆய்வாளர்களிடையே வேறு கருத்தும் உண்டு. அடிகளார் நெடுங்காலம் தங்கிப் பணி செய்ததும் 1600இல் கண்மூடியதும் இந்த ஊரில்தான்.

நம் பேச்சு தலைப்பைப் பற்றியது. ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பெயரைப் பாருங்கள். மூலநூல் போர்ச்சுகீசிய மொழியில் கிறித்துவக் கோட்பாட்டு நூல் என்ற பெயரோடு இருந்தது. அந்தப் பெயரை அப்படியே தமிழில் வைத்திருந்தால் கரையில் எத்தனை பேருக்கு எட்டியிருக்கும்? தம்பிரானும் தெரியும், வணக்கமும் தெரியும். எழுத்தறியாதவர் காதில் விழுந்தாலும் இது எதற்கான புத்தகம் என்பது அந்த நிமிடமே விளங்கிவிடும். அதே மனிதர் 1586 நூலுக்கு ஐரோப்பாவில் வழங்கிய பெயரையே அப்படியே வைத்துவிட்டார். அந்த நூலின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பதை 1950களில் உலகுக்குச் சொன்னவர் தனிநாயகம் அடிகள். 1967இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வெளியீடாக சே. இராசமாணிக்கம் அடிகளார் அதைப் பதிப்பித்தபோது ‘அடியார் வரலாறு’ என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்து அந்த நூலுக்குத் தமிழ் வாசகரின் காதுக்குப் பழகிய பெயர் கிடைத்தது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். தலைப்பு முதலில் கேட்கிறவருக்காக. எழுதுகிறவரின் படிப்பைக் காட்டுவதற்கு உள்ளே எத்தனையோ பக்கம் இருக்கிறது.

நூலுக்குப் பெயர் வைப்பதைப் பற்றி நம் முன்னோர் மிகவும் யோசித்திருக்கிறார்கள். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், இலக்கணத்துக்குள் நுழைவதற்கு முன் பாயிரத்திலேயே இதைப் பேசிவிடுகிறார். நூலுக்குப் பெயர் எதனால் வரும்? முதல் நூலால் வரும், எழுதியவரால் வரும், அளவால் வரும், உள்ளே மிகுந்திருப்பதால் வரும், சொல்லும் பொருளால் வரும், எழுதச் செய்தவரால் வரும், நூலின் தன்மையால் வரும், காரணம் சொல்ல முடியாத இடுகுறியாகவும் வரும். தொல்காப்பியர் செய்தது தொல்காப்பியம். நன்னூல் என்ற பெயரோ தன்மையால் வந்தது.

புத்தகத்துக்குச் சொன்ன இந்த இலக்கணம், புத்தகத்தைப் பற்றி எழுதுகிறவருக்கும் கைகொடுக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இதில் இரண்டே வழியில்தான் போகிறோம். எழுதியவர் பெயர், பொருள். ‘வண்ணநிலவனின் நாவல்கள்’, ‘கடலோர மக்களின் வாழ்வியல்’ என்பதோடு நின்றுவிடுகிறோம். மற்ற வழிகளில் ஆள் நடமாட்டமே இல்லை. அளவு என்ற வழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகம் உங்களிடம் எத்தனை நாள் இருந்தது, எத்தனை பக்கம் தாண்டியபின் பிடிகொடுத்தது என்பதெல்லாம் அளவுதானே? செய்வித்தோன் என்ற வழி இன்னும் அழகானது. அந்தப் புத்தகத்தை உங்கள் கையில் கொடுத்து, படி என்று சொன்னவர் யார்? அண்ணனா, மதினியா, நூலகரா, பேருந்தில் பக்கத்தில் இருந்தவரா? அவரைத் தலைப்பிலேயே உட்கார வைத்துவிடலாம். அதைப் படிக்கிறவருக்கும் ‘எனக்கு இதைக் கொடுத்தவர் யார்’ என்ற நினைப்பு வரும்.

மிகுதி என்ற வழிக்கு ஓர் எடுத்துக்காட்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகப் போரையும் கடல் கடந்த வாழ்வையும் தலைப்பாக்குவார்கள். அந்த நாவலில் என் மனத்தில் மிகுந்து நிற்பது, எங்கோ தொலைவில் இருப்பவர்களின் நினைப்பில் மதுரைத் தெருக்கள் வந்து வந்து போவதுதான். ‘தூரத்திலிருந்து பார்த்த மதுரை’ என்று வைத்தால், நாவலைப் படித்தவர் ஒரு கணம் நின்று ஆமாம் என்பார். படிக்காதவர் எடுத்துப் பார்ப்பார்.

புன்னக்காயலிலிருந்து ஆற்றை ஒட்டியே மேலே போனால் ஆத்தூர், ஏரல் எல்லாம் கடந்து ஆழ்வார்திருநகரி வருகிறது. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமைக் கவிராயர் வீடுகளில் அலைந்தபோது, அவருக்குப் பெருந்துணையான ஏடு கிடைத்தது இந்த ஊரில்தான். 1889இல் பத்துப்பாட்டு வெளிவந்தது. அந்தப் பத்தில் ஒரு பாட்டுக்கு இரண்டு பெயர். கூத்தராற்றுப்படை என்பது ஒன்று, மலைபடுகடாம் என்பது மற்றொன்று. முதற்பெயர் அது எந்த வகைப் பாட்டு என்று சொல்கிறது. குற்றம் சொல்ல முடியாத பெயர். இரண்டாவது, பாட்டுக்குள்ளே புலவர் ஆண்ட ஒரு தொடரிலிருந்து எடுத்தது. மலையில் எழும் ஓசைகளை யானையின் மதமாகக் கண்ட கற்பனை அதில் இருக்கிறது. இன்று அந்தப் பாட்டை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம்? மலைபடுகடாம் என்றுதான். வகை சொன்ன பெயர் அடைப்புக்குறிக்குள் போய்விட்டது.

பதிற்றுப்பத்தில் இது ஒரு முறையாகவே நடந்திருக்கிறது. கிடைத்திருக்கும் எட்டுப் பத்துகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பூத்த நெய்தல், நிரைய வெள்ளம், துயிலின் பாயல், கூந்தல் விறலியர். இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. எல்லாமே பாட்டின் உள்ளிருந்து எடுத்த தொடர்கள். பத்துப் பாடல்களின் பெயர்களும் அந்தந்தப் பத்தின் இறுதியில் வரும் பதிகத்தில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. பழைய உரைகாரர் அதோடு விடவில்லை. எந்தத் தொடரின் சிறப்பால் பாட்டுக்கு இந்தப் பெயர் வந்தது என்று காரணமும் எழுதுகிறார். பாட்டு முழுதும் அரசனின் வீரத்தைச் சொல்லும்போது, தொகுத்தவர் அதற்குள் கிடந்த ஒரு பூவையோ ஒரு படுக்கையையோ பார்த்து, இதுதான் இந்தப் பாட்டு என்று எடுத்து மேலே வைத்திருக்கிறார். ஒரு வாசகர் செய்த வேலை அது. படித்தவர், தன்னை நிறுத்திய இடத்தை அடையாளம் காட்டுகிறார். தமிழில் புத்தக வாசிப்புக்குத் தலைப்பு வைத்த முன்னோடிகள் என்று நான் அவர்களைத்தான் சொல்வேன்.

குறுந்தொகையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாடியவரின் பெயர் தெரியாதபோது, அவர் பாட்டில் மின்னிய தொடரையே அவருக்குப் பெயராக்கினார்கள். அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், செம்புலப் பெயல்நீரார். சொந்தப் பெயர் காலத்தில் கரைந்து போயிற்று. ஒரு வாசகர் கண்டெடுத்த தொடர் அவர்களை இன்றுவரை கரையேற்றி வைத்திருக்கிறது.

பழங்காலம் போதும், பக்கத்தில் வருகிறேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு வட்டத்தொட்டியில் கூடிக் கவிதை கேட்டவர்களின் கதை நமக்குத் தெரியும். அவர் தன் கட்டுரைகளுக்கு வைத்த பெயர் ‘இதய ஒலி’. கம்பனில் தான் தேர்ந்து எடுத்த பாடல்களை உரையோடு வெளியிட்டபோது ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்றார். அந்தத் ‘தரும்’ என்ற ஒரு சொல்லில் வாங்கிக்கொள்கிறவரும் வந்து நிற்கிறார். ஆராய்ச்சியாளராக நின்று பேசாமல், கைநீட்டி வாங்கிய ரசிகராக நின்று பேசுகிறேன் என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிட்டது.

அதே திருநெல்வேலி தந்த தொ.மு.சி. ரகுநாதன் 1960களில் இரண்டு ஒப்பீட்டு நூல்கள் எழுதினார். ஒன்று ‘பாரதியும் ஷெல்லியும்’. மற்றது பாரதியையும் தாகூரையும் அருகருகே வைத்துப் பார்த்தது. அதற்கு ‘பாரதியும் தாகூரும்’ என்று வைத்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவர் வைத்தது ‘கங்கையும் காவிரியும்’. இரண்டு கவிகளும் அவர்கள் பிறந்த நிலமும் நீரும் மக்களும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஷெல்லி நூலுக்கு அப்படி ஒன்று அமையவில்லை. வலிந்து தேடி ஒட்டவைக்காமல் பெயர்களையே வைத்தாரே, அதையும் மதிக்கிறேன். நல்ல தலைப்பு வரவில்லையென்றால் நேரான தலைப்பு போதும். ‘ஒரு பார்வை’யைவிட ‘பாரதியும் ஷெல்லியும்’ எவ்வளவோ மேல். யாரைப் பற்றிய நூல் என்றாவது தெரிகிறதே.

கேள்வியைத் தலைப்பாக்குவதில் நம்மவர்கள் தேர்ந்தவர்கள். க.நா. சுப்ரமண்யம் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து எழுதிய கட்டுரைகளுக்கு ‘படித்திருக்கிறீர்களா?’ என்று பெயர் வைத்தார். நான் இதுவரை கண்ட புத்தகப் பேச்சுத் தலைப்புகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை. மதிப்பிடுவதுபோல் இல்லை, மேலே நின்று கற்பிப்பதுபோலும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்தவர் நம் தோளைத் தொட்டுக் கேட்கிறார். இல்லை என்றால் வெட்கமாக இருக்கிறது. ஆமாம் என்றால் பேச்சு தொடர்கிறது. டி.கே.சி. ‘கம்பர் யார்?’ என்று கேட்டார். ரகுநாதன் ‘இளங்கோவடிகள் யார்?’ என்று கேட்டு ஒரு பெரிய நூலே எழுதினார். இவர்கள் கேட்டதெல்லாம் உண்மையான கேள்விகள். பதிலைத் தேடிப் பக்கம் பக்கமாகப் போனார்கள். உங்கள் கட்டுரைக்குள் அந்தக் கேள்வி உண்மையிலேயே இருந்தால் மட்டும் கேள்விக்குறி போடுங்கள். ‘கொற்கை சொல்வது என்ன?’ என்று வைத்துவிட்டுக் கதைச்சுருக்கம் எழுதினால், கேட்டவர் பதில் சொல்லாமல் எழுந்துபோன மாதிரி இருக்கும்.

வெளியுலகிலிருந்தும் ஒன்று சொல்ல ஆசை. 1816 அக்டோபரில், 21 வயதுகூட நிரம்பாத ஜான் கீட்ஸ் என்ற இளைஞர், சாப்மன் என்பவர் ஆங்கிலத்தில் தந்த ஹோமரை நண்பரோடு உட்கார்ந்து இரவெல்லாம் படித்தார். விடிந்ததும் அதைப் பற்றிப் பதினான்கு வரியில் ஒரு கவிதை எழுதினார். சாப்மனின் ஹோமரை முதன்முதல் பார்த்தபோது என்பதுதான் அதன் தலைப்பு. அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் ‘முதன்முதல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த இரவும் அந்த வயதும் அதில் ஏறிக்கொண்டன. படைப்பூக்கம் உள்ள தலைப்பு என்றாலே உவமையும் அடுக்குமொழியும் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, புன்னக்காயலுக்கு வருவோம். திருப்பி அனுப்பிய கட்டுரைகள் புதுத் தலைப்போடு வந்து சேர்ந்துவிட்டன.

ஆசிரியை எழுதியது வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ பற்றி. 1977இல் வந்த அந்தச் சிறு நாவல் இதே கரையில், மணப்பாட்டில் நடக்கிறது. வெளியூரில் வேலையாக இருக்கும் மகன், எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி சொல்கிறான். தந்தைக்கோ வள்ளத்தை விட மனமில்லை. இதை எழுதிக்கொண்டு வந்த ஆசிரியை, நடுவில் தன் தகப்பனார் வள்ளத்தை விற்ற நாளைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறார். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம். முதலில் அனுப்பியபோது அந்த நாலு வரி மூன்றாம் பக்கத்தில் ஒளிந்துகிடந்தது. இப்போது கட்டுரையின் பெயர் ‘வள்ளம் விற்ற வீடு’. தலைப்பு மாறியதும் கட்டுரையே வேறாகிவிட்டதைக் கவனித்தேன். அந்த வரிகளை அவரே முன்பக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். வேண்டாத கதைச்சுருக்கம் தானாகக் கழன்றுவிட்டது. சரியான தலைப்பு கிடைத்தால் எதை வைப்பது, எதை விடுவது என்பதும் தெரிந்துவிடுகிறது. தலைப்பைப் பற்றி இவ்வளவு நான் பேசுவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

மாணவி ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ படித்திருக்கிறார். அவருடைய மதினி கொடுத்த புத்தகம். கல்லூரியில் தன் கடற்கரைப் பேச்சை மற்றவர்கள் கேட்டுச் சிரித்ததையும், அதே பேச்சை ஒரு பெரிய நாவல் முழுக்கப் பார்த்தபோது அதைச் சத்தம் போட்டுப் படித்ததையும் எழுதியிருந்தார். புதுத் தலைப்பு ‘அச்சில் பார்த்த எங்கள் பேச்சு’. கரைப் பேச்சு அச்சேறத் தொடங்கியே நானூறு ஆண்டுக்கு மேலாகிறது, மகளே. அண்டிரிக் அடிகளாரின் தமிழில் உங்கள் ஊர்ப் பேச்சின் சாயல் இருப்பதை அறிஞர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ‘அடியார் வரலாறு’ பதிப்பு கிடைத்தால் அதையும் சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள்.

பெரியவர் மட்டும் முதலிலேயே நல்ல தலைப்போடு அனுப்பியிருந்தார். இளவயதில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்குத் தோணியில் போய்வந்தவர் அவர். ‘புயலிலே ஒரு தோணி’யைப் பற்றிய கட்டுரைக்கு ‘நானும் தோணியில் போனவன்தான்’ என்று வைத்திருந்தார். புத்தகத்தின் பெயரை வைத்து விளையாடும் தலைப்புகள் எனக்குப் பொதுவாகப் பிடிப்பதில்லை. ‘மோகமுள்’ளைப் பற்றி என்றால் ‘மனதில் தைத்த முள்’ என்றும், ‘செம்மீன்’ என்றால் ‘வலையில் சிக்கிய செம்மீன்’ என்றும் வந்து குவியும். அவை எழுதியவரின் கையிலிருந்து வந்தவை அல்ல, புத்தகத்தின் அட்டையிலிருந்து உரித்தவை. இந்தப் பெரியவருடையது அப்படி இல்லை. தோணி என்ற சொல்லுக்கு அவர் உடம்பால் விலை கொடுத்திருக்கிறார். அந்தத் தலைப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டேன்.

கடைசியாக அந்த விசைப்படகு இளைஞர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாட்களில்தான், அதே ஜோ டி குரூஸின் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ‘கொற்கை’யை அவர் படித்திருக்கிறார். காலையில் வலை செப்பனிடும் வேலை, மதியத்துக்குமேல் புத்தகம். முத்துக்குளித்துறையின் கதையை, கடலுக்குப் போக முடியாத நாட்களில், கடலைப் பார்த்துக்கொண்டே படித்ததைத்தான் கட்டுரை முழுக்கச் சொல்கிறார். ‘கொற்கை நாவல் – வாசிப்பு அனுபவம்’ என்று இருந்ததை அடித்துவிட்டு ‘அறுபத்தொரு நாள் கொற்கை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். பவணந்தியார் சொன்ன அளவு. நன்னூல் படித்து வைத்த பெயரில்லை என்பது எனக்குத் தெரியும். அவருடைய அனுமதியோடு அதை இந்தப் பக்கத்தின் தலைப்பாகவும் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் சில வேண்டுகோள்கள். முடிவைத் தலைப்பில் உடைத்துவிடாதீர்கள். ஒரு பாத்திரம் இறப்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் அடுத்தவர் அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போது பாதி போய்விடும். அற்புதம், அருமை, காவியம் என்ற சொற்களைத் தலைப்பில் தவிர்த்துவிடுங்கள். புத்தகம் அற்புதம் என்பதைக் கட்டுரை காட்டட்டும். திரைப்பாட்டு வரிகளை எடுத்து வைக்காதீர்கள். பாட்டின் மெட்டு மனத்தில் ஓடத் தொடங்கிவிட்டால் புத்தகம் பின்னுக்குப் போய்விடும். எழுதத் தொடங்கும்போது தலைப்பு இல்லையே என்று திகைத்து நிற்கவும் வேண்டாம். எழுதி முடித்து, ஓர் இரவு ஆறப்போட்டு, காலையில் உரக்கப் படியுங்கள். உங்கள் குரல் தானாகத் தாழ்கிற இடமோ வேகம் பிடிக்கிற இடமோ ஒன்று இருக்கும். அந்த இடத்திலிருக்கும் இரண்டு மூன்று சொல்லை எடுத்து மேலே வைத்துப் பாருங்கள். பதிற்றுப்பத்தைத் தொகுத்தவர்களின் வழி அதுதான்.

தலைப்பில் நூலின் பெயர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அதற்குக் கீழே ஒரு வரியில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு ஆகிய நான்கையும் தவறாமல் எழுதிவிடுங்கள். தலைப்பு உங்கள் விருப்பம். இந்த வரி வாசகருக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை. கட்டுரையைப் படித்துவிட்டு நூலகத்துக்கோ புத்தகக் கடைக்கோ போகிறவர் கையில் அந்த வரிதான் இருக்கும்.

புன்னக்காயல் நண்பர்களின் கட்டுரைகள் அனைத்தும் அடுத்த இதழில், அவரவர் வைத்த தலைப்பிலேயே வருகின்றன. அதற்கடுத்த இதழுக்கு உங்கள் கட்டுரைகளை எதிர்பார்க்கிறேன். எந்த ஊரானாலும் சரி, எந்தப் புத்தகமானாலும் சரி. சமையல் குறிப்பு, பயண நூல், பள்ளிப் பாடநூல் எதைப் பற்றியும் எழுதலாம். இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். எங்கே, எப்போது படித்தீர்கள் என்பதையும், யார் கொடுத்துப் படித்தீர்கள் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். தலைப்புக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டு அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்